போர்ல தோத்தவங்க ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா திரும்பி வர்ற ஊர் - மேடாரம் போனவங்க யாராச்சும் இருக்கீங்களா?

ரயில்சிநேகிதன்:
மக்களே, ரொம்ப நாளா எழுதணும்னு வச்சிருந்த மேட்டர் இது. மேடாரம்ன்றது தெலங்கானால முலுகு மாவட்டத்து காட்டு கிராமம், அங்க நடக்குற திருவிழாவத்தான் ஜாத்தரைன்னு சொல்றாங்க. 2024 பிப்ரவரில நான் ஹைதராபாத்ல வேலைல இருந்தேன். கூட வேலை பாக்குற வாரங்கல்காரர் ஒருத்தர் "ஒரே ஒரு தடவை மேடாரம் ஜாத்தரைக்கு வா, அப்புறம் பேசு"ன்னு கைய புடிச்சு இழுக்காத குறையா கூட்டிட்டு போனார். நமக்கு திருவிழான்னா தேர், பந்தல், மைக்செட், பலூன்காரன்னு ஒரு கணக்கு இருக்குமே, அந்த நெனப்புலதான் போனேன்.

ஹனுமகொண்டால பஸ் ஏறுற இடத்துலயே முழி பிதுங்கிடுச்சு. பொம்பளைங்களுக்கு பஸ் ஃப்ரீன்னு 2023 டிசம்பர்லதான் ஆரம்பிச்சிருந்தாங்க, அதனால ஊர் ஊரா பாட்டிங்க, அக்காங்க, கைக்குழந்தைன்னு மொத்தமா கெளம்பி வந்துட்டாங்க. எல்லார் கையிலயும் வெல்லம். வெல்லம்னு சொன்னா கூட வந்தவர் திருத்தினார், அங்க அத "பங்காரம்"னுதான் சொல்லணுமாம், தங்கம்னு அர்த்தம். வேண்டுதல் இருக்குறவங்க தராசுல ஒரு பக்கம் தான் உக்காந்து இன்னொரு பக்கம் வெல்லம் வச்சு எடைக்கு எடை குடுக்குறாங்க. ஒரு பெரியப்பா தராசுல உக்காந்துகிட்டு "இன்னும் ரெண்டு கட்டி வையி, காலைல இட்லி சாப்ட்டேன்"னு வியாபாரிகிட்ட சொல்லி சுத்தி நின்னவங்கள சிரிக்க வச்சிட்டார்.

விஷயத்துக்கு வர்றேன். நான் போனப்ப அங்க கோயில் கிடையாது. கோபுரம், சிலை, கூரை எதுவும் இல்ல. மரத்தடில மேடை மாதிரி ரெண்டு திண்ணை, "கத்தெ"ன்னு சொல்றாங்க, அதுல காட்டுலேருந்து கொண்டு வந்த மூங்கில நட்டு வச்சிருக்காங்க. ஒண்ணு அம்மா சம்மக்காவுக்கு, ஒண்ணு மக சாரலம்மாவுக்கு. ரெண்டு பேரும் கோயா பழங்குடி. வாரங்கல ஆண்ட காகதீய ராஜா பிரதாபருத்ரன் கப்பம் கேட்டப்ப, பஞ்சத்துல குடுக்க முடியாதுன்னு சொன்னதுக்காக படையெடுத்து வந்திருக்கான், அதுல எதிர்த்து நின்னு குடும்பத்தோட செத்தவங்க. புருஷன் பகிடித்தராஜு, மருமகன் கோவிந்தராஜு, மக சாரலம்மா எல்லாரும் போயிட்டாங்க. மகன் ஜம்பன்னா தோல்விய தாங்காம ஓடைல குதிச்சிட்டான், அவன் ரத்தத்துல ஓடை சிவந்துச்சுன்னு அதுக்கு இப்ப ஜம்பன்ன வாகுன்னு பேர். சம்மக்கா கடைசி வரைக்கும் நின்னிருக்கா, முதுகுல குத்திட்டாங்க. ரத்தம் ஒழுக ஒழுக பக்கத்துல இருக்குற சிலகலகுட்டன்ற மலைக்குள்ள போனவ திரும்பி வரல. தேடிப் போனவங்களுக்கு கிடைச்சது ஒரு குங்குமச்சிமிழ் மட்டும்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்த சிமிழ மலைலேருந்து கொண்டு வர்றாங்க. பூசாரி தனியா உள்ள போறார், என்ன பண்றார்னு யாரும் பாக்க கூடாது. ரொம்ப நேரம் ஒண்ணுமே நடக்கல. பின்னாடி நின்ன ஆள் என் தோள்ல தாடைய வச்சு தூங்கவே ஆரம்பிச்சிட்டார். திடீர்னு டப் டப்னு துப்பாக்கி சத்தம், எனக்கு ஒரு செகண்ட் வயித்த கலக்கிருச்சு, என்னமோ ஆயிருச்சுன்னு நெனச்சேன். பார்த்தா மாவட்ட எஸ்பி வானத்த பாத்து சுடுறார். அம்மா வர்றாங்கன்னு அரசாங்க மரியாதையாம்! அப்புறம் ஜனங்க உயிர்க்கோழிய தலைக்கு மேல தூக்கி தூக்கி எறியுறாங்க, எங்க பார்த்தாலும் றெக்கை. போலீஸ் கயிறு கட்டி வளையம் போட்டு நடுவுல பூசாரிய ஓட்டமா கூட்டிட்டு போறாங்க. என் கண்ணுல பட்டது ஒரு சிவப்பு துணி, அவ்ளோதான், ஒரு நொடி.

என் கேள்வி இதுதான். ஒரு ராஜா படையெடுத்து வந்தத எதிர்த்து நின்ன கதைய ஒரு சின்ன கிராமம் இத்தன நூற்றாண்டா ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா திரும்ப நடத்திட்டு இருக்கு. நம்ம பக்கம் இது மாதிரி எதாவது உண்டா?

சும்மாபடிக்கிறவன்:
நல்லா எழுதிருக்கீங்க. கோழி என்ன ஆச்சு?

ரயில்சிநேகிதன்:
@சும்மாபடிக்கிறவன் அதான் உங்களுக்கு கவலையா 😀 ஒரு கோழி என் கூட வந்தவர் மேல விழுந்துச்சு. அவர் அத ஆசீர்வாதம்னு எடுத்துக்கிட்டார், கோழிக்கு சொந்தக்காரம்மா வந்து திரும்ப வாங்கிட்டு போயிட்டாங்க.

கல்வெட்டுக்கிறுக்கன்:
இழைய ஆரம்பிச்சதுக்கு நன்றி. ஆனா "பிரதாபருத்ரன்"னு ஒரே வார்த்தைல தாண்டி போறீங்களே, அங்கதான் சிக்கலே இருக்கு. பொதுவா அந்த பேர்ல எல்லாருக்கும் தெரிஞ்சவன் கடைசி காகதீய ராஜா, 1323-ல டெல்லி படைகிட்ட வாரங்கல் கோட்டைய இழந்தவன். கதைல சம்மக்காவ காட்டுல புலிகளோட விளையாடிட்டு இருந்த குழந்தையா கண்டெடுத்து வளர்த்தது மேடராஜுன்ற கோயா தலைவன், பொலவாச சீமையிலேருந்து தோத்து ஓடி வந்தவன்னு ஒரு வடிவம் சொல்லுது. ஹனுமகொண்டா ஆயிரங்கால் கோயில் கல்வெட்டு 1163-ஓடது, அதுல ருத்ரதேவன் ஜெயிச்ச ஆளுங்க வரிசைல பொலவாசக்காரன் மேடன்ற பேர் வருது. அந்த ருத்ரதேவனையும் முதலாம் பிரதாபருத்ரன்னு சொல்றதுண்டு. அப்ப கதை 12-ஆம் நூற்றாண்டா இல்ல 14-ஆ? நடுவுல நூத்தம்பது வருஷம் இடிக்குது.

சம்மக்கா பேரு காகதீய கல்வெட்டுல கிடையாது. அதுக்காக கதை பொய்யின்னு நான் சொல்ல வரல. ஜெயிச்சவன் கல்லுல வெட்டி வச்சது தான் ஜெயிச்ச லிஸ்ட். கப்பம் கட்டாத ஒரு காட்டு கிராமத்துக்கு அதுல ஒரு வரி கிடைக்கிறதே பெருசு.

இன்னொண்ணு, நம்மாளுங்க இத ஏதோ தூரதேசத்து கதையா நெனச்சுக்காதீங்க. அதே கடைசி பிரதாபருத்ரனோட தளபதி முப்பிடி நாயக்கன் காஞ்சிபுரம் வரைக்கும் வந்து புடிச்சிருக்கான், வரதராஜ பெருமாள் கோயில்ல 1316 கல்வெட்டு இருக்கு. அந்த கை நம்ம வரைக்கும் நீண்ட கை.

மழைநாள்:
கிறுக்கன் அண்ணே வந்துட்டார், இனி இழை பத்து பக்கம் போகும் 😄

ஒரு சந்தேகம், இத எப்படி போர நடத்திக் காட்டுற திருவிழான்னு சொல்றீங்க? எங்கயும் சண்டை நடக்கலையே. யூட்யூப்ல ஸ்பெயின் நாட்டு வீடியோ ஒண்ணு பார்த்தேன், அல்கோய்னு ஒரு ஊர், 1276-ல நடந்த சண்டைய ஏப்ரல் மாசம் தெருவுலயே நடத்துறாங்க. ஊரே ரெண்டு கட்சியா பிரிஞ்சு, ஒரு பாதி மூர் (அந்த காலத்து முஸ்லிம் படை) வேஷம், ஒரு பாதி கிறிஸ்தவன் வேஷம், அட்டைல கோட்டை கட்டி, வெடிமருந்து புகைல மூஞ்சியே தெரியல. அதுதான் நடத்திக் காட்டுறது. மேடாரத்துல காகதீய சிப்பாய் வேஷம் யாராச்சும் போட்டாங்களா?

ரயில்சிநேகிதன்:
@மழைநாள் இல்ல, யாரும் போடல. இது எனக்கு அங்க இருந்தப்ப தோணவே இல்ல, நீங்க கேட்டப்புறம்தான் யோசிக்கிறேன். ராஜா பக்கத்து ஆள் ஒருத்தன்கூட அந்த நாலு நாள்ல இல்ல. எதிரியே இல்லாத போர்.

சிங்கரேணிஷிப்ட்:
நான் மணுகூரு பக்கம் நிலக்கரி சுரங்கத்துல வேலைல இருந்தவன், 12 வருஷம். மேடாரம் ஜாத்தரை அஞ்சு தடவை போயிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுத்துக்கோங்க.

முதல்ல, எல்லாரும் வியாழக்கிழமை சிலகலகுட்டாவ பாக்கத்தான் முண்டியடிப்பாங்க, புதன்கிழமைய விட்டுடுவாங்க. புதன்கிழமைதான் மகள் வர்ற நாள். மேடாரத்துலேருந்து கொஞ்ச தூரத்துல கன்னேபள்ளின்னு ஊர், அங்க சாரலம்மாவுக்கு சின்ன கோயில் இருக்கு. பூசாரி (வட்டென்னு சொல்லணும், கோயா பூசாரிங்க) அம்மாவ எடுத்துட்டு வெளிய வர்ற நேரத்துக்கு வாசல்லேருந்து வரிசையா ஜனங்க தரைல படுத்துருவாங்க. ஈரத்துணியோட, குப்புற. பெரும்பாலும் குழந்தை இல்லாதவங்க. வட்டெ அவங்க மேல கால் வச்சு தாண்டி நடந்து போவார். காலு பட்டா குழந்தை பிறக்கும்னு நம்பிக்கை. நான் முதல் தடவை பார்த்தப்ப ஒரு பொண்ணு, கல்யாணம் ஆகி ரொம்ப வருஷம் ஆயிருக்கும் போல, படுத்திருந்தா, பக்கத்துல அவ மாமியாரும் படுத்திருந்துச்சு. மருமகளுக்கு வேண்டிக்கிட்டு மாமியாரும் சேர்ந்து படுத்திருக்கு. அத பார்த்தப்புறம் நான் இந்த ஜாத்தரைய பத்தி யார்கிட்டயும் கிண்டலா பேசினது இல்ல.

அங்கேருந்து ஊர்வலம் ஜம்பன்ன வாகுக்கு வரும். வாகு மேல பாலம் இருக்கு, நல்ல கான்கிரீட் பாலம். ஆனா சாரலம்மா பாலத்துல வராது, தண்ணில இறங்கித்தான் வரும். தம்பி செத்த தண்ணி. அதே நேரத்துல அப்பா பகிடித்தராஜு புனுகொண்ட்லாவுலேருந்தும், புருஷன் கோவிந்தராஜு கொண்டாயிலேருந்தும் கெளம்பி வருவாங்க, காட்டு வழியா, நடந்தே. நாலு ஊர்லேருந்து ஒரு குடும்பம் வந்து சேருது. சனிக்கிழமை திரும்ப காட்டுக்கே போயிடுவாங்க, வனப்பிரவேசம்னு பேர். அப்புறம் ரெண்டு வருஷம் அந்த கத்தெ வெறும் திண்ணை.

கதையும் ஒரே கதை கிடையாது. நம்ம ரயில் சொன்னது டிவில, பாட்டுல வர்ற வடிவம். கோயா ஜனங்ககிட்ட படிகென்னு துணில வரைஞ்ச கொடி இருக்கு, அத விரிச்சு வச்சு மேளம் அடிச்சு பாடுற ஆளுங்க தனி. எங்க மணுகூரு பக்கம் கூனவரத்துல சாகினி ராமச்சந்திரய்யான்னு ஒரு பெரியவர், 2022-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க, சம்மக்கா சாரலம்மா கதைய அப்படி பாடுறவர். இப்ப அவரும் இல்ல. அவங்க பாட்டுல எந்த குலம், எந்த கோத்திரம், யாரு எங்கேருந்து வந்தாங்கன்றதுதான் நீளமா போகும். ராஜா வந்து போறது ஒரு ஓரம்தான்.

வெல்லம் மட்டும்தான்னு நெனச்சுக்காதீங்க. கோழி, ஆடு, இப்பப்பூ (நம்ம இலுப்பைப்பூ மாதிரி) சாராயம் எல்லாம் உண்டு. சைவ சாமி இல்ல.

கொங்குமண்:
சிங்கரேணி அண்ணே, நீங்க அந்த கன்னேபள்ளி தரைல படுக்குறத சொன்னீங்க பாருங்க, எனக்கு அப்படியே எங்க படுகளம் கண்ணுக்கு முன்னாடி வந்துடுச்சு. ரயில் "நம்ம பக்கம் உண்டா"ன்னு கேட்டாரே, இருக்குங்க.

மணப்பாறை பக்கத்துல வீரப்பூர். மாசி மாசம் பெரியகாண்டியம்மன் கோயில் திருவிழா. அண்ணமார் கதை, அதாங்க பொன்னர் சங்கர். கரூர், திருச்சி, நாமக்கல், ஈரோடு பக்கமெல்லாம் ஜனம் வரும். வேடபரி அன்னைக்கு குதிரை வாகனத்துல பொன்னர் ஏறி அணியாப்பூர் வரைக்கும் போய் அம்பு போடுவாங்க, அது பாக்க நல்லா ஜோரா இருக்கும், எல்லாரும் போன்ல அதத்தான் எடுப்பாங்க. ஆனா எனக்கு படுகளம்தான். எங்க ஊர் பக்கம் சின்ன கோயில்ல கூட படுகளம் உண்டு, அதத்தான் சின்ன வயசுலேருந்து பாத்திருக்கேன்.

உடுக்கை அடிச்சு ராவெல்லாம் கதை பாடுவாங்க. சண்டை கட்டம் வரும்போது உடுக்கை வேகம் ஏறும், அப்ப சாமி வந்து ஆடிட்டு இருக்கவன் ஒவ்வொருத்தனா தொப்பு தொப்புன்னு விழுவான். நிஜமாவே விழுவாங்க, கைய ஊனி பதமா விழுறது எல்லாம் இல்ல. விழுந்தவங்கள தூக்கி வரிசையா படுக்க வச்சு வெள்ளை துணி போத்துவாங்க. அப்புறம் பொம்பளைங்க ஒப்பாரி. செத்த வீட்டுல அழுவாங்களே அதே அழுகை, மாரடிச்சு. சின்ன புள்ளையா இருந்தப்ப எங்க சித்தப்பா விழுந்து கெடந்தார், எங்க சித்தி அழுதது நிஜம்னு நெனச்சு நான் கத்தி ஊர கூட்டிட்டேன். அப்புறம் தங்காளா வர்ற பொண்ணு, அண்ணனுங்கள தேடி வந்து, தீர்த்தம் தெளிச்சு ஒவ்வொருத்தரா எழுப்பும். எந்திரிக்கும்போது சித்தப்பா மூஞ்சிய பார்த்தேன், தூங்கி எழுந்தவர் மாதிரி இல்ல, எங்கயோ தூரமா போயிட்டு வந்தவர் மாதிரி இருந்துச்சு. வீட்டுக்கு வந்து ரெண்டு சொம்பு மோர் குடிச்சிட்டு யார்கிட்டயும் பேசாம படுத்துட்டார்.

அங்கயும் தோத்தவங்கதான் சாமி. அண்ணனும் தம்பியும் செத்துதான் போறாங்க கதைல.

கல்வெட்டுக்கிறுக்கன்:
@கொங்குமண் அருமை. ஒரே ஒரு வித்தியாசம். அண்ணமார் கதை வெளியிலேருந்து ஒரு பேரரசு வந்து புடிச்சத எதிர்த்த கதை இல்ல. தலையூர்க்காளி, வேட்டுவர், நிலம், காவல்னு உள்ளூர் பகை. யார் பக்கம் நியாயம்னு கேட்டா எந்த ஊர்ல நின்னு கேக்குறீங்கன்றத பொறுத்து பதில் மாறும். அத இங்க கிளற வேணாம், மட்டுறுத்துனர் பாத்துட்டு இருக்கார்.

மட்டுறுத்துனர்:
பாத்துட்டுதான் இருக்கேன். சாதிப் பேச்சு வந்தா பூட்டு.

தெற்குவாசல்:
நீங்க எல்லாம் ஸ்ரீரங்கத்த விட்டுட்டீங்களே. 1323-ல அதே டெல்லி படைதான் வாரங்கல முடிச்சிட்டு தெற்க வந்துச்சு. நம்பெருமாள தூக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்சு 1371-லதான் திரும்ப வந்தார், கணக்கு போட்டா 48 வருஷம். வெள்ளையம்மாள் படைத்தலைவன கோபுரத்துலேருந்து தள்ளி விட்டு தானும் குதிச்சான்னு சொல்ற வெள்ளை கோபுரம் இன்னைக்கும் வெள்ளையாத்தான் இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?

மழைநாள்:
@தெற்குவாசல் கதை இருக்கு சரி, திருவிழா இருக்கா? வெள்ளையம்மாளுக்குன்னு ஊரே கூடி ஒரு நாள்? கோபுரத்துக்கு சுண்ணாம்பு அடிக்கிறத திருவிழாவுல சேக்க முடியாது.

தெற்குவாசல்:
அப்படி கேட்டா... இல்லதான். யோசிக்க வேண்டிய விஷயம். பெருமாள் திரும்பி வந்தது ஞாபகம் இருக்கு, அவருக்காக செத்தவ ஒரு கலர்ல நிக்கிறா.

வெட்டிஆபீசர்:
எனக்கு இதுல ஒரு நெருடல் இருக்கு, சொன்னா அடிக்க வராதீங்க. கப்பம் கட்ட மாட்டேன்னு சொன்ன பொம்பளைய சாமியாக்கி குங்குமம் வச்சு கும்பிட ஆரம்பிச்சா, அவ எதுக்கு செத்தான்றது மறந்து போயிடாதா? வந்த கூட்டத்துல எத்தன பேருக்கு அந்த வரி விஷயம் தெரியும்? குழந்தை வேணும், வேலை வேணும், கடன் தீரணும். அரசாங்கமும் சந்தோஷமா துப்பாக்கி சுட்டு மரியாதை பண்ணிட்டு போயிடும். எதிர்த்தவள தன் பக்கம் இழுத்துக்க இத விட சுலபமான வழி உண்டா? 1996-ல அரசு விழாவா அறிவிச்சப்பவே கதை முடிஞ்சிடுச்சுன்னு தோணுது. அதே காட்டுல கோயா ஜனங்க போடு விவசாயம் (காட்ட திருத்தி பயிர் வைக்கிறது) பண்ற நிலத்துக்கு பட்டா கேட்டு வனத்துறையோட மல்லுக்கட்டிட்டு இருக்காங்க, அங்க யாரு சுடுறா வானத்த பாத்து?

சிங்கரேணிஷிப்ட்:
@வெட்டிஆபீசர் நீங்க சொல்றதுல பாதி சரி தம்பி. போடு நிலம் பிரச்சனை நான் கண்ணால பாத்தது. கூட்டம் பெருசாக ஆக வெளியாளு கடைதான் ஜாஸ்தி, ஊர்க்காரனுக்கு மிச்சம் குப்பை. ஏட்டூர்நாகாரம் சரணாலயத்த ஒட்டின காடு, ஜாத்தரை முடிஞ்ச மறுநாள் அந்த பக்கம் போய் பாருங்க, பிளாஸ்டிக்கும் கோழி றெக்கையும் நாத்தமும். அரசாங்க கணக்குப்படி ஒரு கோடிக்கு மேல ஜனம்னா அந்த சின்ன ஊரு என்ன பண்ணும்.

ஆனா மறந்துடுவாங்கன்றத ஒத்துக்க மாட்டேன். அந்த நாலு நாள் மூல வேலை எல்லாம் வட்டெகிட்டதான். மலைக்குள்ள எஸ்பி போக முடியாது, கலெக்டர் போக முடியாது, மந்திரி போக முடியாது. எல்லாரும் அடிவாரத்துல நின்னு அண்ணாந்து பாத்துட்டுதான் இருக்கணும், வட்டெ எப்ப வர்றாரோ அப்பதான். நான் பார்த்த ஒரு தடவை ரொம்ப லேட்டு, இருட்டிடுச்சு, ஒரு பெரிய ஆபீசர் வாட்ச்ச பாத்துட்டே இருந்தார். பக்கத்துல ஒரு கோயா கிழவி, பல்லு ஒண்ணு கூட இல்ல, அவர பாத்து தெலுங்குல என்னமோ சொல்லிச்சு, சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. "அன்னைக்கு உங்காளுக்கு அவசரம், இன்னைக்கும் அவசரமா"ன்னு கேட்டுச்சாம்.

வெட்டிஆபீசர்:
😂 கிழவி ஜெயிச்சிட்டா. வாபஸ் வாங்கல, ஆனா கிழவிக்காக கொஞ்சம் இறங்கி வர்றேன்.

கல்வெட்டுக்கிறுக்கன்:
நேத்து ராத்திரி யோசிச்சிட்டு இருந்தேன், ஒண்ணு மண்டைல உறைச்சுது. ஜாத்தரை நேரத்துல ஜம்பன்ன வாகுல தானா போதுமான தண்ணி ஓடாது. ஜனங்க முங்கி எழ லக்னவரம் ஏரிலேருந்து திறந்து விடுவாங்க. லக்னவரம் யார் வெட்டினது? காகதீயர் காலத்து ஏரி! தோத்தவன் ரத்தம் சிந்தின ஓடைக்கு ஜெயிச்சவன் ஏரித் தண்ணி. கதை எழுதுறவன் எழுதினா நம்ப மாட்டோம்.

அதே முலுகு மாவட்டத்துலதான் பாலம்பேட்டை ராமப்பா கோயிலும் இருக்கு, 1213-ல கட்டினது, காகதீய தளபதி ரேச்சர்ல ருத்ரன் கட்டினது, 2021-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துடுச்சு. போனா பாருங்க, அந்த கருங்கல் மதனிகை (ஆடுற பொண்ணுங்க) சிலைங்க முன்னாடி நின்னா வாய் தானா திறக்கும், நான் ராஜா எதிரி இல்ல. ஆனா ராமப்பாவ பாக்க வர்றவங்க போட்டோ எடுத்துட்டு போறாங்க, மேடாரத்துக்கு வர்றவங்க தன் எடைக்கு வெல்லம் தூக்கிட்டு வர்றாங்க.

சும்மாபடிக்கிறவன்:
தண்ணி சிவப்பா இருக்குமா நிஜமா?

ரயில்சிநேகிதன்:
@சும்மாபடிக்கிறவன் செம்மண் கலங்கின நிறம்தான், மண்ணோட குணம்னு சொல்றாங்க. என் வெள்ளை பனியன் காவி பனியன் ஆயிடுச்சு, இன்னும் போகல. எங்கம்மா அத தரை துடைக்க எடுத்தாங்க, வேணாம்னு புடுங்கி வச்சிருக்கேன், ஏன்னு எனக்கே தெரியல, நான் பெரிய பக்திமான் எல்லாம் இல்ல.

மழைநாள்:
நான் கேட்ட கேள்விக்கு நானே பதில் சொல்லிக்கிறேன். அல்கோய்ல ஜெயிச்சவங்க ஜெயிச்சத நடத்துறாங்க, அதுக்கு எதிரி வேஷம் கட்டாயம் வேணும், இல்லன்னா யார ஜெயிக்கிறது? மேடாரத்துல நடத்துறது சண்டைய இல்ல. சண்டைக்கு அப்புறம் நடக்காம போனத. அவ மலைக்குள்ள போனா, வரல. இப்ப வர்றா. புருஷன், மக, மருமகன் எல்லாம் வேற வேற ஊர்லேருந்து வந்து ஒண்ணா உக்கார்றாங்க. படுகளத்துலயும் அதேதான், விழுறது பாதி, எழுப்புறது மீதி. கொங்குமண் சித்தப்பா எழுந்தார்ல, கதைப்படி அண்ணமார் செத்தவங்கதானே. அந்த கன்னேபள்ளில படுத்த பொண்ணு மேல கால் படறதும் எனக்கு இந்த வரிசைலதான் வருது. அங்க செத்தவங்கள எழுப்புறாங்க, இங்க இன்னும் பொறக்காதவங்கள கேக்குறாங்க, ரெண்டு இடத்துலயும் படுக்குறது தரைலதான்.

கொங்குமண்:
@மழைநாள் எனக்கு சொல்லத் தெரியாதத சொல்லிட்டீங்க. இத எங்க சித்தப்பாகிட்ட போன்ல படிச்சு காட்டினேன். "அதெல்லாம் எனக்கு தெரியாது, விழுந்தா வலிக்காது, எழும்போதுதான் இடுப்பு புடிக்கும்"னார் 😄

கல்வெட்டுக்கிறுக்கன்:
@மழைநாள் ஒத்துக்குறேன், ஒரு சின்ன சேர்க்கை. கடைசில அந்த ராஜாவும் தோத்துதானே போனான். 1323-ல வாரங்கல் விழுந்து அவன கைதியா டெல்லிக்கு கொண்டு போகும்போது வழியிலேயே செத்துட்டான். அவனுக்கு சிமிழ் எடுத்துட்டு வர ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா யாரும் மலை ஏறல.

வெட்டிஆபீசர்:
அண்ணே இத முதல் பக்கத்துலயே சொல்லிருந்தா நான் இவ்ளோ பேசிருக்க மாட்டேனே.

மழைநாள்:
2024 ஆகஸ்ட் கடைசில தாட்வாய், மேடாரம் காட்டுல ஒரே நாள்ல ஆயிரக்கணக்குல மரம் வேரோட சாஞ்சுதே, அப்ப ஊருக்கு ஒண்ணும் ஆகலையா?

சிங்கரேணிஷிப்ட்:
ஊர் தப்பிச்சுடுச்சு. மரம் விழுந்தது காட்டுக்குள்ள. சுத்தி இருக்குற ஜனங்க அம்மா தடுத்தாங்கன்னு சொல்றாங்க, விஞ்ஞானிங்க காத்துன்னு சொல்றாங்க. பழைய சிநேகிதன் ஒருத்தன் போன்ல அழுதான், "அண்ணா, நாம இப்பப்பூ பொறுக்கின மரம் எல்லாம் போச்சு"ன்னு. அவனுக்கு அது கணக்கு இல்ல, ஒவ்வொரு மரமும் தனி ஆளு.

ரயில்சிநேகிதன்:
எல்லாருக்கும் நன்றி. அடுத்த ஜாத்தரைக்கு புதன்கிழமையே போயிடணும்னு முடிவு பண்ணிட்டேன், சிங்கரேணி அண்ணே நீங்களும் வாங்க, கன்னேபள்ளி வழி எனக்கு தெரியாது. அதுக்கு முன்னாடி வர்ற மாசி வீரப்பூர் வரலாம்னு இருக்கேன். கொங்குமண், ஒரு ஆள் தங்க இடம் கிடைக்குமா?

கொங்குமண்:
தாராளமா வாங்க, சித்தப்பா வீட்டுலயே தங்கிக்கலாம். படுகளத்தன்னைக்கு ராத்திரி கெளம்பணும்னு மட்டும் சொல்லிடாதீங்க, விடிஞ்சுதான் எழுப்புவாங்க. ஒரு போர்வை கொண்டு வந்துருங்க, பனி இருக்கும். அப்புறம் அந்த காவி பனியனையும் எடுத்துட்டு வாங்க, எங்க மண்ணும் சிவப்புதான், எது எங்க பட்டதுன்னு பாப்போம்.